நாற்பத்துமூன்று வினாடி மேம்பாடு

இளைய தலைமுறையின் விளையாட்டுத் திறனை வளர்ப்பது ஒரு நாட்டின் தலையாய கடமை என்பதில் எந்த அலுவலகத்துக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. இருந்தால் அதற்குத் தனியாகப் படிவம் உண்டு. எங்கள் வட்டார விளையாட்டு மேம்பாட்டு அலுவலகத்தில் அந்தப் படிவம் தீர்ந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. ஆகவே அங்கே எல்லோருக்கும் ஒரே கருத்துதான்.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் மாஸ்டர். இருபத்திரண்டு வருஷமாகக் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்குகிறது. குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன். இத்தனை வருஷத்தில் நிஜமாக ஓடத் தெரிந்த பிள்ளை என்று நான் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். மற்றதெல்லாம் என் பீரியடில் வயிற்றுவலி வந்து மர நிழலில் உட்காரும் ஜாதி.

அந்த ஒன்றுக்குப் பள்ளிக்கூடமே வைத்த பெயர் ‘அவசரம்’. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். சாப்பாட்டை நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். அவள் அம்மா பஸ் கண்டக்டர். காலையில் டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போவது அந்தம்மாவின் வழக்கம். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பது மகளின் வழக்கம். அம்மா ஒரு விசில் அடித்தால் நிற்கணும், ரெண்டு விசில் அடித்தால் கிளம்பணும். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான்.

நானூறு மீட்டரை ஐம்பத்தேழு வினாடியில் ஓடினாள். எங்கள் மைதானத்தின் குறுக்கே ஒரு தண்ணீர்க் குழாய் போகிறது. அதைத் தாண்டிக் குதித்துக்கொண்டே ஐம்பத்தேழு! எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாட்ச் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “வாட்ச் நல்லாத்தான் இருக்கு சார், நீங்கதான் ஒரு மாதிரியா இருக்கீங்க” என்றார்.

அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. தேசிய இளையோர் போட்டியில் முதலில் வருகிற பெண்ணுக்குத் தேசியப் பயிற்சி மையத்தில் ஓர் இடம் தருவார்கள். அங்கே குழாய் இல்லாத, சிவப்பு ரப்பர் போட்ட ஓடுதளம் இருக்கிறது. அதன் படத்தைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள். ஆனால் மையத்தில் சேருகிற அன்றைக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்கக் கூடாது. அவளுக்கு நவம்பர் ஒன்பதாம் தேதி பதினெட்டு. “இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான் சார்” என்றாள். எனக்கும் அது தெரியும். அதனால்தான் அவள் நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

இயக்குநர் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“ஐம்பத்தேழா?” என்றார், யாரோ போய்விட்ட சேதி கேட்டவர் மாதிரி.

“ஆமா சார்!”

“என்ன மாஸ்டர் இது? கொஞ்சம்கூட மிச்சம் வைக்கலையா?”

“எதுக்கு சார் மிச்சம்?”

“முன்னேறுறதுக்கு!”

மேஜை மேல் இருந்த சுற்றறிக்கையை என் பக்கம் தள்ளினார். ‘இளையோர் மேம்பாட்டுக் குறியீட்டுத் திட்டம்’ என்று தலைப்பு. சாரம் இதுதான்: இதுகாறும் வேகமாக ஓடியவர்களுக்கே பதக்கம் வழங்கப்பட்டு வந்தது. இதனால் ஏற்கெனவே மேம்பட்டவர்களே மேலும் கௌரவிக்கப்படும் அநீதி நிகழ்ந்தது; மேம்பாட்டு அலுவலகங்களுக்கு அதில் பங்கு ஏதும் இல்லாத நிலையும் உணரப்பட்டது. ஆகவே இனி முதலில் ஓர் அடிப்படை ஓட்டம், மூன்று மாதம் கழித்து இறுதி ஓட்டம். இரண்டுக்கும் இடையே எத்தனை சதவீதம் நேரம் குறைந்திருக்கிறதோ, அதுவே மேம்பாடு. அதற்கே பதக்கம்.

“அப்போ வேகமா ஓடுற பிள்ளைங்க?”

“அவங்கதான் மேம்பட்டாச்சே! குளிச்சு வந்தவனைக் கூப்பிட்டு யாராவது மறுபடி குளிப்பாட்டுவாங்களா?” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “அடிப்படை ஓட்டத்துல உங்க பொண்ணை ஒரு அரைமணி நேரமாவது எடுத்துக்கச் சொல்லுங்க. நான் சொன்னதா வெளியில சொல்லிடாதீங்க. எழுத்துல வேணும்னா தர்றேன், நாலு மாசம் ஆகும்.”

வெளியே வந்தால் ஊரே முந்திக்கொண்டுவிட்டது. தெருவுக்குத் தெரு மெதுவோட்டப் பயிற்சிக் கூடங்கள். ‘நிதானம் ஸ்போர்ட்ஸ் அகாடமி’, ‘ஆமை இன்டர்நேஷனல்’. ஈய அடிப்பாகம் வைத்த ஷூ சக்கைப்போடு போட்டது. ‘நான் இன்னும் கிளம்பவில்லை’ என்று எழுதிய பனியனைப் போடாத பிள்ளைகளைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சிரித்தன. பள்ளிக்கூட வாசலில் அம்மாமார்கள் பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன்.

“எங்க பொண்ணு நூறு மீட்டரை இருபது நிமிஷத்துல வர்றா!”

“அவ்வளவு வேகமாவா? எங்க பொண்ணு நேத்து கிளம்புனது, இன்னும் வந்து சேரலை.”

கேட்டவள் முகம் சுண்டிப்போய்விட்டது.

நான் மட்டும் என்ன உத்தமனா? நானும் அவசரத்துக்கு மெதுவோட்டம் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். தம்ளர் நிறையத் தண்ணீரைக் கையில் கொடுத்து நடக்கச் சொன்னேன். குடித்துவிட்டு ஓடினாள். முதுகில் மணல்மூட்டை கட்டினேன். மூட்டையோடு எழுபது வினாடியில் வந்து நின்றாள். அகாடமியில் சேர்க்கலாம் என்றால் அங்கே சேர்க்கை வரிசையே நகரவில்லை. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று உறைத்தது: அலுவலகப் பியூன் இருக்க நாம் ஏன் ஊரெல்லாம் அலைய வேண்டும்?

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். ஒரு மேஜைக்கும் அடுத்த மேஜைக்கும் பதினான்கு அடி தூரம். ஒரு கோப்பை அந்தப் பதினான்கு அடி கடத்த அவருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கும். வேண்டுமென்றே செய்வதில்லை, சுபாவமே அப்படி. அவரிடம் அவசரத்தைக் கொண்டுபோய் விட்டேன்.

“அண்ணே, உங்களைத் தாண்டாம நடக்கவே வரலை” என்றாள் அவள், முதல் நாளே.

“போய்ச் சேரணுங்கற நினைப்பை முதல்ல விடணும் பாப்பா. இந்தக் கோப்பை நான் அந்த மேஜைக்குக் கொண்டு போறேன்னுதானே நினைக்கிறே?”

“ஆமாண்ணே.”

“நான் அப்படி நினைக்கிறதே இல்லை.”

ஒரு மாதம் அவர் பின்னாலேயே வராந்தாவில் நடந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ராத்திரி தூக்கத்தில் கால் உதறுகிறாள் என்று அவள் அம்மா புகார் சொன்னாள்.

அடிப்படை ஓட்டம் வந்தது. எங்கள் ஊர் மைதானத்தில், வட்டாரத்துக்கு ஒருத்தியாக எட்டுப் பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். துப்பாக்கி வெடித்தது. ஒருத்தியும் அசையவில்லை. வெடிக்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு நடுவர் இன்னொரு தடவை சுட்டார். ஊஹூம்! ‘ஓடிக்கொண்டிருக்க வேண்டும்’ என்பது விதி என்பதால் இன்னொரு நடுவர் தரையில் குப்புறப் படுத்து, அடிக்குச்சி வைத்துக் கால்விரல்கள் நகர்கின்றனவா என்று அளந்துகொண்டிருந்தார். சுற்றி நின்ற பெற்றோர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள்: “மெதுவா! மெதுவாடீ! அவளைப் பாரு, மூச்சுகூட விடலை!” மூன்றாம் தடத்துப் பிள்ளையின் கோச், காற்று அடித்ததில் தன் பிள்ளை ஓரங்குலம் முன்னேறிவிட்டதாகவும் அதைக் கழித்துக்கொள்ள வேண்டுமென்றும் எழுத்துமூலம் முறையீடு கொடுத்தார்.

அவசரமும் நின்றாள். சத்தியமாக நின்றாள்! கண்ணில் தண்ணீர் முட்ட, நான் சொன்னதற்காக நின்றாள்.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தாள்.

“என்ன வாத்தியாரே, யாராவது தலைவர் போயிட்டாரா? மௌன அஞ்சலியா?”

“இல்லைம்மா, ஓட்டப்பந்தயம் நடக்குது.”

“நடக்குதா? எங்கே நடக்குது?”

“இது மேம்பாட்டுக் குறியீடும்மா. அதாவது இப்ப மெதுவா ஓடினா...”

“எம்பொண்ணு அழுவுறாய்யா!” என்றாள். அடுத்த நொடி விசில் வாயில். பீர்ர், பீர்ர்!

ரெண்டு விசில். அவ்வளவுதான், பறந்துவிட்டாள். சரியாக ஐம்பத்தேழு வினாடி. நின்ற நேரம் நாற்பத்துமூன்று. ஆக மொத்தம் நூறு வினாடி என்று பதிவானது. சாயங்காலம் வாட்ச்மேன் கேட்டைப் பூட்ட வந்தபோது மற்ற ஏழு பேரும் முதல் வளைவுக்கே வந்திருக்கவில்லை. எல்லோருக்கும் எட்டு மணி நேரம் என்று போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். ஏழு வீட்டிலும் கொண்டாட்டம்.

கணக்கு எனக்குப் புரிந்தது. அவர்கள் பிள்ளைகள் இறுதி ஓட்டத்தில் நொண்டியடித்து வந்தாலே தொண்ணூற்றொன்பது சதவீதம். இவள் உயிரைக் கொடுத்து ஓடினாலும் நாற்பத்துமூன்றுதான். அவள் அம்மா அன்றைக்கு முழுதும் விசிலைப் பையிலிருந்து எடுக்கவில்லை. இயக்குநர் என் தோளைத் தட்டி, “பங்கேற்பதே பெருமை, மாஸ்டர்” என்றார். அப்படிச் சொன்னால் சோலி முடிந்தது என்று அர்த்தம்.

இறுதி ஓட்டம் தலைநகரில். நாலா திசையிலிருந்தும் அதே எட்டுப் பிள்ளைகள். ஏழு பேருக்கும் அடிப்படை நேரம் மணிக்கணக்கில். நான் ஊர் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அன்று காலைத் தேதியிட்ட புதிய சுற்றறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்: ‘இன்றைய இறுதி ஓட்ட நேரமே அடுத்த ஆண்டின் அடிப்படை நேரமாகக் கொள்ளப்படும்.’

ஏழு கோச்சுகளின் முகத்திலும் ஈயாடவில்லை. இன்றைக்குத் தன் பிள்ளை வேகமாக ஓடினால் அடுத்த வருஷம் எதை வைத்து மேம்படுவது? பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகள். இன்னும் ரெண்டு மூணு வருஷம் கையில் இருக்கிறது. எட்டு மணி நேரத்தை ஒன்பதாக்கிக்கொண்டால் அடுத்த வருஷம் கொழுத்த மேம்பாடு! ஏழு பேரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்து, தங்கள் பிள்ளை காதில் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: “நில்லு.”

நான் அவசரத்திடம் ஓடினேன். “உனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலைம்மா.”

“எனக்குத்தான் அடுத்த வருஷமே இல்லையே சார்” என்று சிரித்தாள்.

அம்மா வேலிக்கு வெளியே விசிலை வாயில் வைத்து நின்றாள். துப்பாக்கியும் விசிலும் சேர்ந்தே கேட்டன. சிவப்பு ரப்பரில், குறுக்கே குழாய் இல்லாத ஓடுதளத்தில் அந்தப் பிள்ளை ஓடியது இருக்கிறதே... அழுதேன். சும்மா சொல்லக்கூடாது, தேம்பித் தேம்பி அழுதேன். ஐம்பத்தேழு! அவள் ஓடி முடித்து, முகம் கழுவி, திரும்பி வந்து, கோட்டிலேயே நின்றுகொண்டிருந்த ஏழு பேருக்கும் தண்ணீர் கொடுத்தாள். அவர்களுக்கு ஒன்பது மணி நேரம் என்று பதிவாகி, எல்லோருக்கும் எதிர்மறை மேம்பாடு. இவள் ஒருத்திக்கு மட்டும் நாற்பத்துமூன்று சதவீதம். தங்கப் பதக்கம்! இரண்டாம், மூன்றாம் படிகளில் ஆளே இல்லை. சிறப்பு விருந்தினர் காலிப் படிகளுக்கும் சேர்த்துக் கை குலுக்கிவிட்டுப் போனார்.

ஊர் திரும்பியதும் அலுவலகத்தில் பாராட்டு விழா. அந்த நாற்பத்துமூன்று வினாடி நின்றதால்தானே நாற்பத்துமூன்று சதவீதம்? நிற்கக் கற்றுக்கொடுத்தது யார்? பியூனை மேடையேற்றி, ‘சிறப்புப் பயிற்றுநர்’ என்று கேடயம் கொடுத்தார்கள். நான்தான் அவரைப் பாராட்டிப் பேசினேன். அதுவரை சுபாவத்தால் மெதுவாக இருந்தவர், அன்றிலிருந்து கொள்கையாகவே மெதுவானார்.

பயிற்சி மையத்திலிருந்து கடிதம் வந்தது. நவம்பர் எட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் வட்டார அலுவலகத்தின் விடுவிப்பு உத்தரவு மின்னஞ்சலில் வந்து சேர வேண்டும். உத்தரவுக்குப் பதினோரு மேஜையில் கையெழுத்து. செப்டம்பரில் கோப்பைத் திறந்தார்கள். நவம்பர் எட்டாம் தேதி பிற்பகல் நாங்கள் போய்ப் பார்த்தபோது கோப்பு பியூன் கையில், முதல் மேஜைக்கும் இரண்டாம் மேஜைக்கும் நடுவில் இருந்தது.

“அண்ணே, சீக்கிரம்ணே!” என்றாள் அவசரம்.

“பாத்தியா, கத்துக்கிட்டதை மறந்துட்டியே பாப்பா” என்றார் அவர் வருத்தத்தோடு.

மணி நாலேகால். வாசலில் பிரேக் போடும் சத்தம். அவள் அம்மா, நாற்பது பயணிகளோடு பஸ்ஸை அலுவலக வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். என்ன ஏது என்று பயணிகளும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். மகளைப் பார்த்தாள், பியூனைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். விசிலை வாயில் வைத்தாள். பீர்ர், பீர்ர்!

பியூன் கையிலிருந்த கோப்பு காணாமல் போயிற்று. என் கட்டைவிரல், இருபத்திரண்டு வருஷப் பழக்கம், தானாக ஸ்டாப்வாட்ச்சை அழுத்தியது.

“எங்கே போடணும்?” “இங்கே சார்!” “முத்திரை?” “நானே குத்திக்கிறேன் சார்!” நாலாம் மேஜைக்காரர் லீவு, ஐந்தாம் மேஜைக்காரர் அவருக்கும் சேர்த்துப் போட்டார். ஏழாம் மேஜைக்காரர் தூங்கிக்கொண்டே கையெழுத்திட்டார். விழித்திருக்கும்போது போடுகிற கையெழுத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. பயணிகள் ரெண்டு பக்கமும் நின்று கைதட்ட, பத்து மேஜை முடிந்து பதினோராவதாக இயக்குநர் முன்னால் போய் நின்றாள். மூச்சுகூட வாங்கவில்லை.

இயக்குநர் பேனாவைத் திறந்தார். அப்போது என் கையிலிருந்த வாட்ச்சைப் பார்த்துவிட்டார்.

“எவ்வளவு மாஸ்டர்?”

நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லையே! “ஒன்பது நிமிஷம் நாற்பது வினாடி சார்!” என்றேன்.

“போன வருஷம் ஒரு கோப்புக்குச் சராசரி என்ன?”

“நாலு மாசம் பதினோரு நாள் சார்” என்றார் தலைமை எழுத்தர்.

இயக்குநர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். மறுபடி போட்டார். எழுந்து நின்றார். “தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது சதவீத மேம்பாடு! எந்த வட்டாரத்துலயும் இல்லை!” என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

“சார், கையெழுத்து...” என்றாள் அவசரம்.

“இவ்வளவு மேம்பாட்டை நானே கையெழுத்துப் போட்டு வெளியூர் அனுப்புவேனாம்மா? நாளைக்குப் பார்ப்போம்.”

“நாளைக்கு எனக்குப் பதினெட்டு ஆயிடும் சார்!”

“அதைத்தான் சொல்றேன். பதினெட்டு ஆனாத்தானே வேலைக்கு எடுக்க முடியும்? கோப்பு நகர்வு உதவியாளர். நிரந்தரப் பணி.”

“எனக்கு ஓடணும் சார்!”

“இங்கேயே ஓடு. பதினோரு மேஜை இருக்கே.”

நாலு நாற்பத்தைந்து. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். பயணிகளும் அம்மாவைத்தான் பார்த்தார்கள். அந்த ரெண்டு விசிலுக்காகவே நான் காத்திருந்தேன். அம்மா வாயிலிருந்து விசிலை எடுத்தாள்.

“பென்ஷன் உண்டா சார்?” என்றாள்.

“உண்டு.”

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பயணிகளில் ஒருவர், “சர்க்கார் வேலைம்மா, வேற என்ன வேணும்!” என்று கத்தினார். நாற்பது பேரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ரொம்ப நேரம் தட்டினோம். ஐந்து மணி அடித்ததுகூட யார் காதிலும் விழவில்லை.

இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு பிள்ளை கிளம்பியிருக்கிறது. ஐம்பத்தொன்பது வினாடி. அதன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போன வாரம் அலுவலகம் போனேன். கூடத்தில் அலுவலக மேம்பாட்டுக்கான தேசிய விருதுக் கேடயம் மாட்டியிருந்தது. வராந்தாவில் அவசரம், கழுத்தில் அடையாள அட்டையோடு, ஒரு கோப்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“எந்த மேஜைக்கும்மா போறே?”

“ரெண்டாவது மேஜைக்கு சார். திங்கட்கிழமையே கிளம்பிட்டேன்.” அன்றைக்கு வியாழக்கிழமை. “போன வருஷம் ஒன்பது நிமிஷத்துல முடிச்சுட்டேன்ல? அதுக்கு மேல எப்படி மேம்படறது? அதனால இந்த வருஷம் பூரா மெதுவாத்தான் போகணுமாம். அடுத்த வருஷத்துக்கு மிச்சம் வேணுமே சார்.”

அப்போது வாசலில் ஒரு பஸ் நின்று கிளம்பியது. பீர்ர், பீர்ர்.

அவள் வலது குதிகால் தரையைவிட்டு எழுந்தது. என் கட்டைவிரல் தானாக வாட்ச்சை அழுத்தியது. பத்து, இருபது, முப்பது. குதிகால் மெதுவாகக் கீழே இறங்கியது. நாற்பத்துமூன்று வினாடியும் தாண்டிற்று. அவள் நகரவில்லை.

“பாத்தீங்களா மாஸ்டர்,” என்றார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன், கண் கலங்க, “பாப்பா இப்பதான் மேம்பட்டிருக்கு.”